பயிர்நோயின் சங்கிலியை ஆராய்ந்த அறிஞர் ஏர்ன்ஸ்ட் கொய்மன்

நாம் தஞ்சம் புகுந்து வாழும் சுவிற்சர்லாந்தில் உருளைக்கிழங்கு இல்லாத உணவு மேசையைக் காண்பது அரிது. துருவிப் பொரித்த றோஸ்ரியாகவும், உருக்கிய பாற்கட்டியோடு உண்ணும் அவித்த கிழங்காகவும் அது இந்நாட்டவரின் அன்றாட உணவில் ஒன்றிவிட்டது. உணவகச் சமையலறைகளில் அதனை மூடை மூடையாக உரித்துக் கழுவி வெட்டிக் கொடுக்கும் கரங்களிற் பல எம்மவருடையவை என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும் உருளைக்கிழங்கு இம்மண்ணுக்குரிய பயிரன்று. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரலிலிருந்து கடல் கடந்து வந்து இங்கு வேரூன்றிய பயிர் அது. பயிர் வந்து நெடுங்காலத்தின் பின் அதன் நோயும் கடல் கடந்து வந்து சேர்ந்தது. அந்நோயைத் தொடர்ந்து வந்த பஞ்சம் பல இலட்சம் மக்களை மாய்த்தது. இன்னும் பல இலட்சம் மக்களைப் பிறந்த மண்ணை விட்டு வெளியேற வைத்தது.

அந்நோய்க்கும் அதனையொத்த பயிர்நோய்களுக்கும் காரணமான நுண்ணுயிர்களை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட சுவிஸ் அறிஞர் ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறோம். பேர்ண் மாநிலத்திற் பிறந்து, யாவாத் தீவிற் பணியாற்றி, சூரிச் நகரில் முப்பத்தாறு ஆண்டுகள் பேராசிரியராக விளங்கி, 1963 ஆம் ஆண்டு மறைந்த ஏர்ன்ஸ்ட் கொய்மன் என்பாரே அவர். தாவரவியலாளரிடையே உலகப் புகழ் பெற்ற அவருடைய பெயர் எம்மவரிடையே அதிகம் அறியப்படவில்லை. ஆனால் அவர் கற்ற கல்வி மரபு எமது மலையகத்தின் வரலாற்றைத் தொடுகின்றது. அவர் பங்கு கொண்ட ஆய்வொன்றின் பயனோ எமது நாட்டு மருத்துவமனைகளிற் குருதி ஏற்றப்படும் குழந்தைகள் வரை சென்றடைந்திருக்கின்றது.

1845 இன் பேரழிவு

கொய்மனின் பணியை விளங்கிக்கொள்ள, அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்ததை முதலில் அறிதல் வேண்டும். 1845 ஆம் ஆண்டுக் கோடையில் பெல்ஜியத்தின் உருளைக்கிழங்குத் தோட்டங்கள் திடீரெனக் கருகின. இலைகளிற் கரும்புள்ளிகள் தோன்றி, அடிப்புறத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் படர்ந்து, சில நாட்களில் தோட்டம் முழுவதும் அழுகி நாறியது. நிலத்தினுள் இருந்த கிழங்குகளும் பழுப்பேறி அழுகின. ஒல்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து எனப் பரவிய நோய் இலையுதிர்காலத் தொடக்கத்தில் அயர்லாந்தை அடைந்தது.

அயர்லாந்தின் ஏழைக் குடியானவன் பெரும்பாலும் உருளைக்கிழங்கை மட்டுமே உண்டு வாழ்ந்தவன். அவன் பயிரிட்ட தானியமும் வளர்த்த கால்நடையும் நிலப்பிரபுவுக்குரிய குத்தகைப் பணத்துக்காகக் கப்பலேறின. கிழங்கு அழுகியபோது அவனுக்கு வேறு உணவு இருக்கவில்லை. அடுத்து வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். கிழங்கை அழித்தது நுண்ணுயிர். மக்களை அழித்ததில் அந்நாட்டின் நில உடைமை முறைக்கும் ஆட்சியாளரின் அலட்சியத்துக்கும் பெரும் பங்குண்டு.

சுவிற்சர்லாந்தில் அழிவு அந்த அளவுக்குச் செல்லவில்லை. எனினும் இங்கும் கிழங்கு விளைச்சல் பொய்த்து ஏழைகள் பசியால் வாடினர். 1855 இல் ஆர்கவ் மாநிலத்து றோத்றிஸ்ற் கிராமம் தன் ஏழைக் குடிகளில் 300 இற்கும் அதிகமானோரை ஊர்ப்பணத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தது. இன்று பிற நாட்டவர் தஞ்சம் தேடி வரும் இந்நாடு, அன்று தன் குடிகளுக்கே உணவளிக்க வழியின்றி அவர்களை வெளியே அனுப்பிய நாடாகும்.

இந்நோய்க்குக் காரணம் யாது என்பது பற்றி அக்காலத்திற் பெரும் சர்ச்சை எழுந்தது. மழையும் குளிருமே காரணம் என்றனர் சிலர். மண் களைத்துவிட்டது என்றனர் வேறு சிலர். கடவுளின் தண்டனை என்றோரும் உளர். இலையிற் கண்ட பூஞ்சணம் நோயின் விளைவேயன்றிக் காரணமன்று என்றே பெரும்பாலான அறிஞர் கருதினர். இச்சர்ச்சையை முடித்து வைத்தவர் அன்ரன் டி பாரி என்னும் ஜேர்மனியத் தாவரவியலாளர். சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சிப் பெல்ஜியப் பகுதியிலிருந்து வெளியேறிப் பிராங்போர்ட் நகரிற் குடியேறிய புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றின் வழிவந்தவர் அவர். பாசல் நகருக்கு வடக்கே உள்ள பிறைபூர்க் நகரிற் பேராசிரியராக இருந்தபோது, நோயுற்ற இலையின் பூஞ்சணத்திலிருந்து எடுத்த வித்திகளை நலமான செடிகளில் இட்டுப் பார்த்தார். வித்தி இட்ட செடிகள் கருகின. இடாதவை நலமாகவே நின்றன. 1861 இல் அவர் இதனை வெளியிட்டார். 1876 இல் அந்நுண்ணுயிருக்கு அவர் சூட்டிய பைற்றொப்தோரா என்னும் பெயருக்குத் தாவரத்தை அழிப்பது என்பது பொருள்.

ஆசிரியர் வழி

டி பாரி 1872 முதல் ஸ்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அவருடைய ஆய்வுகூடத்துக்குப் பல நாட்டு மாணவர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் இருவர் நமக்கு முக்கியமானவர்கள். ஒருவர் ஆங்கிலேயரான மார்ஷல் வார்ட். இவர் 1880 முதல் 1882 வரை இலங்கையிற் கோப்பிச் செடியின் துரு நோயை ஆராய்ந்தவர். இவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம். மற்றவர் பேர்ண் நகரைச் சேர்ந்த எடுவார்ட் பிஷர். ஸ்ராஸ்பூர்க்கிற் கற்றுத் திரும்பிய பிஷர், பேர்ண் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகிப் பயிர்களைத் தாக்கும் பங்கசுகளை ஆராயும் மரபொன்றை இந்நாட்டில் நிலைநாட்டினார். பிஷரின் மாணவரே ஏர்ன்ஸ்ட் கொய்மன்.

கொய்மன் 1893 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6 ஆம் நாள் பேர்ண் மாநிலத்தின் லீஸ் என்னும் ஊரிற் பிறந்தார். பேர்ண் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் கற்று, முதலாம் உலகப் போர்க் காலத்திற் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை மேற்கொண்டார். சுவிற்சர்லாந்து அப்போரில் ஈடுபடவில்லை. ஆயினும் இறக்குமதி குறைந்து உணவுப் பொருட்களின் விலை ஏறித் தொழிலாளர் குடும்பங்கள் வாடிய காலம் அது.

அவர் ஆய்வுக்கெடுத்த பெரனோஸ்போரா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம் உருளைக்கிழங்கைக் கருக்கும் பைற்றொப்தோராவின் நெருங்கிய உறவு. கோவா, முள்ளங்கி, கடுகு முதலிய செடிகளின் இலைகளில் வெண்பூஞ்சணமாகப் படர்வது அதில் ஒருவகை. இச்செடிகள் அனைத்தையும் தாக்குவது ஒரே இனமே என அதுவரை எண்ணப்பட்டது. கொய்மன் ஒரு செடியில் வளர்ந்த வித்திகளை எடுத்து மற்றச் செடிகளில் இட்டுப் பார்த்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் வித்திகளைப் பெருந்தொகையாக அளந்து ஒப்பிட்டார். ஒன்றெனத் தோன்றியது உண்மையிற் பலவாகும் என்றும், ஒவ்வொன்றும் தனக்குரிய செடியையே பெரும்பாலும் நாடும் என்றும் முடிவு செய்தார். 1918 இல் வெளியான இவ்வாய்வும் 1923 இல் வெளியான பெருநூலும் அவருக்குப் பெயர் ஈட்டின. அவர் இனங்களை மிக நுணுக்கமாகப் பிரித்துவிட்டார் என்று பின்வந்தோர் சிலர் குறை கூறியதும் உண்டு. எனினும் நோயைப் பெயரால் மட்டுமன்றி, அது எச்செடியைத் தாக்கும், எதனை விட்டுவிடும் என்பதாலும் அறிய வேண்டும் என்ற பாடம் நிலைத்து நின்றது.

யாவாவும் வாழையும்

1919 இற் கொய்மன் அன்றைய ஒல்லாந்தக் குடியேற்ற நாடாகிய யாவாவுக்குச் சென்றார். இன்று போகோர் என வழங்கும் பைற்றன்சோர்க் நகரின் தாவரவியல் நிலையத்தில் 1922 வரை பணியாற்றினார். வெப்பமண்டலத்தின் பயிர்களும் நோய்களும் அவருக்கு அங்கேதான் அறிமுகமாயின.

அவர் ஆராய்ந்தவற்றுள் வாழை நோயொன்று குறிப்பிடத்தக்கது. செலிபிஸ் தீவிலும் அதன் தெற்கே உள்ள செலயார் தீவிலும் வாழைகள் வாடி மடிந்தன. காய்களை வெட்டினால் உள்ளே சதைப்பகுதி செந்நிறமாக அழுகியிருந்தது. வெட்டிய தண்டிலிருந்து செந்நிறக் கசிவு வடிந்தது. எனவே மக்கள் அதனை இரத்த நோய் என்றனர். வாழை எத்துணைப் பயன் தரும் மரம் என்பதை எம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்நோய்க்குக் காரணம் ஒரு பற்றீரியாவே என்பதைக் கொய்மன் நிறுவினார். இது மண்ணின் குறையுமன்று, காலநிலையின் கோளாறுமன்று என்று தெளிவாயிற்று. நோயுற்ற தீவிலிருந்து வாழைக் குட்டிகளும் குலைகளும் வெளியே செல்லாது தடுத்தால் ஏனைய தீவுகளைக் காக்கலாம் என்பதும் இதனால் விளங்கியது.

அவ்வாறே தடை விதிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நோய் அப்பகுதியிலேயே அடங்கியிருந்தது. 1987 இல் அது மேற்கு யாவாவில் தோன்றியமை கண்டறியப்பட்டது. அதன் பின்னர் இந்தோனேசியாவின் பல தீவுகளுக்கும் பரவியது. மருந்தின்றி, அறிவாலும் தடையாலும் மட்டுமே ஒரு நோயைப் பல்லாண்டு கட்டி வைக்கலாம் என்பதற்கும், காவல் தளர்ந்தால் அது மீண்டும் கிளம்பும் என்பதற்கும் இவ்வரலாறு ஒரு சான்றாகும்.

நோய் ஒரு சங்கிலி

தாயகம் திரும்பிய கொய்மன் 1922 முதல் சூரிச் நகரின் ஓர்லிக்கோனில் இருந்த கூட்டாட்சி விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். கமக்காரர் கொண்டு வரும் அழுகிய பயிரைப் பார்த்து விடை கூற வேண்டிய இடம் அது. 1927 இல் சூரிச் கூட்டாட்சித் தொழினுட்ப உயர்கல்லூரியின் பேராசிரியரானார். இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். பங்கசுகளின் அமைப்பை ஒப்பிட்டு 1926 இல் அவர் எழுதிய நூல் இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலத்துக்குச் சென்றது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது சுவிற்சர்லாந்து நாற்புறமும் அச்சு நாடுகளால் சூழப்பட்டது. முன்னர் கொய்மன் பணியாற்றிய அதே ஓர்லிக்கோன் நிலையத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் திரவ்கொட் வாலன். 1940 இல் அவர் முன்வைத்த திட்டத்தின்படி புல்வெளிகளும் விளையாட்டுத் திடல்களும் நகரப் பூங்காக்களும் உழப்பட்டன. நாட்டின் உழவு நிலம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பாணும் இறைச்சியும் பங்கீட்டு அட்டைக்குள் வந்தன. உருளைக்கிழங்கு மட்டும் போர் முடியும் வரை பங்கீட்டுக்கு உட்படவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்களைக் கைவிட்ட கிழங்கு இம்முறை ஒரு நாட்டைத் தாங்கிப் பிடித்தது. நோயின் காரணத்தை அறிந்திருந்தமையும், நோயற்ற விதைக்கிழங்கைத் தெரிந்தெடுக்கக் கற்றிருந்தமையும், செப்புக் கலவை தெளிக்கும் முறையும் அதற்குத் துணை நின்றன.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946 இற் பாசல் நகரில் கொய்மனின் தலைசிறந்த நூல் வெளிவந்தது. தாவரங்கள் எவ்வாறு நோய்த்தொற்றுக்கு ஆளாகின்றன என்பதை விளக்கும் அந்நூல் 1950 இல் ஆங்கிலத்திலும் வெளியாகி உலகெங்கும் பல்கலைக்கழகங்களிற் பாடநூலாயிற்று. அதன் சாரம் இதுதான். நோய் என்பது ஒரு கிருமியின் பெயரன்று. அது ஒரு சங்கிலி. நோயுயிர் ஓரிடத்தில் மறைந்திருந்து, அங்கிருந்து புறப்பட்டு, ஏதோ ஒன்றாற் சுமக்கப்பட்டு, நலமான செடியை அடைந்து, அதனுட் புகுந்து, வளர்ந்து, மீண்டும் வித்திகளை வெளியிட வேண்டும். இக்கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் நோய் நின்றுவிடும்.

உருளைக்கிழங்கின் கருகலையே எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் இந்நுண்ணுயிர் முன்னைய அறுவடையில் எஞ்சிய நோயுற்ற கிழங்குகளில் உறங்குகிறது. வசந்தத்தில் அக்கிழங்கு முளைத்ததும் தளிரோடு மேலே வருகிறது. இலையின் அடிப்புறத்தில் வித்திப்பைகளைத் தோற்றுவிக்கிறது. காற்று அவற்றைச் சுமந்து செல்கிறது. குளிர்ந்த ஈரமான நாளில் இலையிலுள்ள நீர்த்துளியில் ஒவ்வொரு பையும் வெடித்து, நீந்தும் நுண்வித்திகளை வெளிவிடுகிறது. அவை முளைத்து இலையுட் புகுகின்றன. நான்கைந்து நாட்களிற் புதிய வித்திப்பைகள் தயாராகிவிடுகின்றன. மழைநீர் அவற்றை மண்ணுக்குள் கழுவிச் சென்று கிழங்கையும் கெடுக்கிறது. எங்கே அறுக்கலாம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. எஞ்சிய கிழங்கைப் பொறுக்கி அழிக்கலாம். நல்ல விதைக்கிழங்கை நடலாம். செடியடியில் மண்ணை உயர்த்தி அணைக்கலாம். எதிர்ப்புள்ள வர்க்கத்தைப் பயிரிடலாம். வானிலையைக் கணித்து உரிய நாளில் மருந்து தெளிக்கலாம்.

கொள்ளைநோய் உண்டாவதற்கு நோயுயிர் மட்டும் போதாது என்பதையும் கொய்மன் வலியுறுத்தினார். தாக்குதலுக்கு இலகுவில் இரையாகும் செடிகள் நெருக்கமாகத் திரண்டிருத்தல் வேண்டும். நோயுயிர் வலிமையுடையதாதல் வேண்டும். காலநிலையும் அதற்கு வாய்ப்பளித்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கூடும்போதே பேரழிவு நிகழ்கிறது. 1845 இல் இம்மூன்றும் கூடியிருந்தன.

நஞ்சைத் தேடி

கொய்மனின் மற்றொரு பெருங்கேள்வி, நோயுற்ற செடி ஏன் வாடுகிறது என்பது. தக்காளியின் வாடல் நோயில் பங்கசு செடியின் நீர்க்குழாய்களில் மட்டுமே தங்கியிருக்கும். இலைகளோ தொலைவிலேயே வாடி வதங்கும். அப்பங்கசு வெளியிடும் ஏதோ ஒரு நஞ்சே நீரோடு மேலேறி இலையை வாட்டுகிறது என அவர் கருதினார். இரசாயனவியலாளருடன் கூடி 1940 களில் லைக்கொமரஸ்மின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்து பியூசாரிக் அமிலத்தின் நச்சுத்தன்மையை ஆராய்ந்தார். லைக்கொமரஸ்மின் நோயுற்ற செடியிற் காணப்படவில்லை என்ற காரணத்தால் அவருடைய விளக்கத்திற் சிலவற்றை அறிவுலகம் பின்னர் ஏற்கவில்லை. ஆனால் பயிர்நோயை இரசாயனவியலின் கண்கொண்டு பார்க்கும் வழியை அவரே அகலத் திறந்து வைத்தார்.

தாக்கப்படும் செடி வெறுமனே மடிந்து போவதில்லை என்பதிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. ஓர்க்கிட் செடியின் கிழங்கு தன்னைத் தாக்க வரும் பங்கசைத் தடுக்கும் பொருளொன்றைத் தானே உண்டாக்குகிறது. ஓர்க்கினோல் என்னும் அப்பொருளைக் கொய்மனும் அவருடைய மாணவரும் 1950 களின் இறுதியில் இனங்கண்டனர்.

அகதியான இரசாயனவியலாளரும் இரும்பு மருந்தும்

லைக்கொமரஸ்மின் இரும்போடு பிணையும் பொருள். நுண்ணுயிருக்கும் இரும்புக்கும் உள்ள உறவு இவ்வாறு கொய்மனின் ஆய்வுகூடத்துக்குப் பழக்கமானதாயிற்று. 1950 களில் அவருடைய நிறுவனம் பாசலின் சீபா மருந்து நிறுவனத்தோடு இணைந்து மண்ணில் வாழும் நுண்ணுயிர்களில் மருந்துப் பொருட்களைத் தேடியது. கொய்மனின் மாணவர் ஹான்ஸ் சேனர் நுண்ணுயிர்களைக் கவனித்தார். இரசாயனப் பகுதியை வழிநடத்தியவர் அதே உயர்கல்லூரியின் விளாடிமிர் பிரெலோக்.

பிரெலோக்கின் கதையை எம்மவர் அறிந்திருத்தல் தகும். 1906 இல் சரயேவோவிற் பிறந்த அவர் சாகிரெப் நகரிற் பணியாற்றியவர். 1941 இல் ஜேர்மனியப் படை அந்நாட்டைக் கைப்பற்றியதும், விரிவுரையாற்றச் செல்வதாகக் கூறி மனைவியோடு புறப்பட்டுச் சூரிச் வந்து சேர்ந்தார். அவருக்கு இங்கு இடமளித்தவர் குரோவாசியாவிற் பிறந்து நோபல் பரிசு பெற்றிருந்த லெயோபோல்ட் ருஷிச்கா. பிரெலோக்குக்குக் கதவு திறந்தது. ஆனால் அதே போர் ஆண்டுகளில் இந்நாட்டின் எல்லையிற் பல்லாயிரம் அகதிகள் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதும் வரலாறே. அவர்களுள் எத்தனை அறிஞர் இருந்தனர், எத்தனை குழந்தைகள் அறிஞராகியிருப்பர் என்பதை எவராலும் கணக்கிட முடியாது.

லீஸ் ஊரின் தாவரவியலாளரும் சரயேவோவின் இரசாயனவியலாளரும் அவர்களுடைய குழுவினரும் 1960 இல் பெரியொக்சமின் என்னும் இரும்புச் சேர்வையை அறிவித்தனர். அதிலிருந்து இரும்பை அகற்றினால் எஞ்சும் பொருள், கண்ட இடத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தன்மை உடையது. அதுவே டெஸ்பெரால் என்ற பெயரில் மருந்தாயிற்று. பிரெலோக் 1975 இல் நோபல் பரிசு பெற்றார்.

தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மாதந்தோறும் குருதி ஏற்ற வேண்டும். ஏற்றும் குருதியிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்து இளவயதிலேயே உயிரைக் குடித்துவிடும். இவ்விரும்பை உடலிலிருந்து வெளியேற்ற முதன்முதல் உறுதியாகப் பயன்பட்டது இம்மருந்தே. இரவு முழுவதும் தோலின் கீழ் மெதுவாகச் செலுத்தப்படும் இவ்வூசி உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வளர்ந்தோராக வாழ வைத்தது. குருநாகல் மாவட்டத்தில் இந்நோயாளர் மிகுதியாக உள்ள இலங்கையிலும் அது பயன்பட்டு வந்துள்ளது. பின்னாளில் விழுங்கும் மாத்திரைகள் வந்துவிட்டபோதிலும் ஊசி முற்றாகக் கைவிடப்படவில்லை. வாடிய தக்காளிச் செடியிடம் கேட்ட கேள்வி இத்தகைய இடத்துக்கு இட்டுச் செல்லும் என்பதை எவரும் முன்கூட்டிக் கூறியிருக்க முடியாது.

துருவும் மலையகமும்

கொய்மனின் இறுதிப் பெருநூல் 1959 இல் வெளியானது. மத்திய ஐரோப்பாவின் துருப் பங்கசுகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அது வகைப்படுத்துகிறது. கோதுமையின் துருவும் கோப்பியின் துருவும் இப்பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவ்விடத்தில் நாம் முன்னர் குறிப்பிட்ட மார்ஷல் வார்டிடம் திரும்புதல் வேண்டும்.

1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. அரசாங்கத்தால் அழைக்கப்பட்டு வந்த வார்ட், அத்தூள் துருப் பங்கசின் வித்திகளே என்றும், காற்றிற் பறந்து ஈரமான இலையில் முளைத்து இலைத்துளைகளூடாக உட்புகுகின்றன என்றும் காட்டினார். காற்றைத் தடுக்கும் மரங்களின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டமையே நோய்க்கு வழி திறந்தது என அவர் எச்சரித்தார். பிற்காலத்திற் கொய்மன் வகுத்த மூன்று நிபந்தனைகளும் அன்றைய கண்டி மலைகளில் அப்படியே நிறைந்திருந்தன. வார்ட் வந்தபோது காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றத்தின் சுமையை ஏற்றவர்கள் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டுமே ஆட்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களிலேயே தங்க வேண்டியதாயிற்று. அவ்வாறு தங்கி அந்நாட்டைத் தம் உழைப்பால் வாழவைத்தோரின் பிள்ளைகளே 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். மறு ஆண்டு வாக்குரிமையையும் இழந்தனர். இலையிற் படிந்த துரு ஒரு மக்களின் வாழ்விடத்தை மாற்றியது. அவர்களுடைய உரிமையைப் பறித்தது துருவன்று, மனிதர் இயற்றிய சட்டம்.

அவருக்குப் பின்

1963 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் கொய்மன் சூரிச்சிற் காலமானார். அவருக்குப் பின் அறிவு பல வழிகளில் முன்னேறிவிட்டது. பெரனோஸ்போராவும் பைற்றொப்தோராவும் அவர் காலத்திற் பங்கசுகளாகவே கொள்ளப்பட்டன. அவை பங்கசுகளல்ல, கடலின் பழுப்பு நிறப் பாசிகளுக்கு நெருங்கியவை என்பது இன்றைய முடிவு.

உருளைக்கிழங்கின் எதிரியும் ஓய்ந்துவிடவில்லை. அதற்கு இரு பாலின வகைகள் உண்டு. மெக்சிக்கோவுக்கு வெளியே அவற்றுள் ஒன்று மட்டுமே இருப்பதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. மற்ற வகை மெக்சிக்கோவுக்கு வெளியே முதன்முதல் இனங்காணப்பட்டது இந்தச் சுவிற்சர்லாந்திலேயே. 1981 இற் பெற்ற மாதிரிகளில் அதனைக் கண்ட சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984 இல் வெளியிட்டனர். 1970 களில் மெக்சிக்கோவிலிருந்து கப்பலில் வந்த கிழங்குகளோடு அது ஐரோப்பாவை அடைந்திருத்தல் வேண்டும் எனக் கருதப்படுகிறது. இரு வகையும் கூடினால் தடித்த சுவருடைய வித்திகள் தோன்றி மண்ணிற் பல்லாண்டு உயிரோடிருக்கும். புதிய புதிய வடிவங்களும் பிறக்கும். சங்கிலிக்கு இவ்வாறு மேலும் ஒரு கண்ணி சேர்ந்துவிட்டது. நுவரெலியா, வெலிமடைக் கமக்காரரும் குளிரும் பனிமூட்டமும் கூடிய நாட்களில் இதே நோயின் அச்சத்திலேயே தம் தோட்டங்களைப் பார்த்து நிற்கின்றனர்.

பெருந்துயரை விதி என்று ஏற்பதும், அதன் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரித்தறிவதும் வெவ்வேறு வாழ்க்கை முறைகள். கொய்மன் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார். அவர் கற்பித்த உயர்கல்லூரியின் கதவு இன்று எமது பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என எண்ணும் பெற்றோர் எம்மிடையே பலர். கமத்தை நம்பி வாழ்ந்த மண்ணிலிருந்து வந்த நாம், பயிரையும் அதன் நோயையும் கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதிருப்போமாக. வன்னியின் வயலுக்கும் யாழ்ப்பாணத்தின் தோட்டத்துக்கும் மலையகத்தின் சரிவுக்கும் அத்தகைய பிள்ளைகள் நாளை தேவைப்படுவர்.